ஏய், பாட்டு போட்டுட்டான்!

மதுரையில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய யாரிடமாவது 'சித்தி' சீரியலின் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ராதிகா வருவார், அழுவார், ஜெயிப்பார்... அதற்கு மேல் தடுமாறுவார்கள். அடுத்து டைட்டில் சாங்கைப் பாடச் சொல்லுங்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, நடுவில் வரும் வயலின் உட்பட, வாயாலேயே வாசித்துக் காட்டிவிடுவார்கள். ரெண்டு வருஷம் ஓடிய கதை மறந்துபோய், ரெண்டு நிமிஷம் ஓடிய பாட்டு மட்டும் எப்படித் தங்கியது?

"தினமும் கேட்டால் மனப்பாடம் ஆகாதா?" என்பீர்கள். கதையையும்தானே தினமும் பார்த்தார்கள்? காரணம் வேறு. டைட்டில் சாங் அந்தக் காலத்தில் வெறும் பாட்டு இல்லை. அது மணி. பள்ளிக்கூட மணி, கோயில் மணி மாதிரி ஒரு மணி. டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பவருக்காக அடித்தது அல்ல. அடுப்படியில், மொட்டை மாடியில், பக்கத்து வீட்டில், தெருக் குழாயடியில் நின்றவருக்காக அடித்தது. "ஏய், பாட்டு போட்டுட்டான்!" என்று யாராவது ஒருவர் கத்துவார். அவ்வளவுதான், பாதித் தெரு ஓடும்.

பாட்டுப் போட்டு ஆள் கூட்டுவது மதுரைக்கு டி.வி. கற்றுக்கொடுத்த பழக்கமும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்ற நாடக சபையைத் தொடங்கியது இந்த ஊரில்தான். அந்த வழியில் வந்த ஸ்பெஷல் நாடகங்கள் மதுரையைச் சுற்றிய கிராமத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும். நடிகர் மேடைக்கு வருவதற்கு ரொம்ப முன்பே ஆர்மோனியமும் மிருதங்கமும் ஆரம்பித்துவிடும். பாயைச் சுருட்டிக்கொண்டு வயல் வரப்பில் வருகிறவருக்கு, "இன்னும் நேரமிருக்கு, மெதுவா வா" என்று சொல்வது அந்த இசைதான். பிறகு டூரிங் டாக்கீஸ் காலம். கொட்டகையின் கூம்பு ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டால் படம் போடப் போகிறான் என்று அர்த்தம். ரெண்டு மைல் தள்ளி இருக்கிறவன் சைக்கிளை மிதிக்க ஆரம்பிப்பான். டைட்டில் சாங்கின் தாத்தாவும் அப்பாவும் இவர்கள்தான்.

சரி, டி.வி.க்கு வருவோம்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அடுத்த வருஷம், 1976 ஏப்ரல் 1 அன்று, தூர்தர்ஷன் அகில இந்திய வானொலியிலிருந்து தனியாகப் பிரிந்தது. ரெண்டு வளைவுகள் சுற்றிச் சுற்றி வந்து ஒரு கண்ணாக மாறும் அந்தச் சின்னத்தை வரைந்தவர் தேவாசிஷ் பட்டாச்சார்யா. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர். அதோடு வரும் ஷெனாய் இசையை அமைத்தவர்கள் பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும். சோகமா, பக்தியா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு மெட்டு. சாயங்காலம் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு இன்றைக்கும் அந்த இசை கேட்டால் ஹோம்வொர்க் முடிக்காத பயம் வருகிறதாம்!

சென்னையில் வந்தது மதுரைக்கு உடனே வந்துவிடவில்லை. நடுவில் நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். 1983இல் இன்சாட் 1பி செயற்கைக்கோள் போன பிறகு நாடெங்கும் குறைந்த சக்தி ஒளிபரப்பு நிலையங்கள் மளமளவென்று முளைத்தன. அவை வாங்கிக் கொடுத்தது பெரும்பாலும் தில்லி நிகழ்ச்சியை. பிறகு கொடைக்கானல் மலையில் உயர்சக்தி கோபுரம் வந்ததும்தான் தென் மாவட்டங்களுக்கு நிம்மதி. மதுரை மொட்டை மாடிகளில் இருந்த ஆண்டெனா எல்லாம் ஒரே திசையில், வடமேற்கே கொடைக்கானலைப் பார்த்துத் திரும்பி நின்றன.

இன்னொரு கூட்டம் நேர் எதிர்த் திசையில், தென்கிழக்கே திருப்பியது. இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. ராமநாதபுரம், தூத்துக்குடி கரையோரங்களில் அது நன்றாகவே தெரியும். உயரமான குழாயில் ஆண்டெனா கட்டினால் உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களிலும் அவ்வப்போது தெரியும். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, வாசலில் ஒருவர் நிற்க, உள்ளே ஒருவர் திரையைப் பார்க்க, "இப்ப?", "புள்ளி புள்ளியா தெரியுது", "இப்ப?", "போச்சு, பழையபடியே வை" என்று மூன்று பேர் நடத்தும் நாடகம் அது. இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் சத்தம் ஓரளவு தெளிவாக வந்துவிடும். கண்ணுக்குக் கிடைக்காதது காதுக்குக் கிடைத்தது. சிங்களம் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்கள் சிங்கள நிகழ்ச்சிகளின் ஆரம்ப இசையை முணுமுணுத்தது இப்படித்தான்.

தெருவுக்கு ஒரு டி.வி., ரெண்டு டி.வி. இருந்த காலம். டி.வி. வைத்திருப்பவர் வீட்டுக்குத் திடீரென்று மரியாதை கூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு இருபத்தைந்து பைசா, ஐம்பது பைசா வசூலித்த வீடுகளும் உண்டு. (முதலீடு செய்தவர் வருமானம் பார்க்கிறார், தப்பில்லை என்று காமர்ஸ் பாடம் சொல்லும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் அப்படி நினைத்திருக்க மாட்டான்.) காசு இல்லாதவனுக்கும், வீட்டுக்காரரோடு சண்டை போட்டவனுக்கும் கதவு சாத்தியிருக்கும். படம் வீட்டுக்குள்ளே. பாட்டு மட்டும் தெருவுக்கு வரும்.

கிராமங்களில் பஞ்சாயத்து டி.வி. இருந்தது. சின்னதாக ஒரு டி.வி. ரூம், இரும்புக் கதவு, சாவி ஒருவர் கையில். சாயங்காலம் அவர் வந்து திறந்தால்தான் உண்டு. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் பலர் முதல் முதலாக டி.வி. பார்த்தது இந்த ரூமின் முன்னால், மண் தரையில் உட்கார்ந்துதான். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் பொது டி.வி. என்று பெயர் இருந்தாலும் எல்லோரும் ஒன்றாக உட்கார முடியாத ஊர்களும் இருந்தன. ரூம் எந்தத் தெருவில் இருக்கிறது, சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து யார் முன்னால் உட்காருவது, யார் தள்ளி நிற்பது, யார் வரவே கூடாது என்பது முடிவாகும். ஊர்க் கடைசியில் நின்றவர்களுக்கும் ஷெனாய் கேட்டிருக்கும். பழைய பாட்டு என்றதும் "ஆஹா, அந்தக் காலம்!" என்று உருகுகிறவர்கள் இதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. எல்லோருடைய அந்தக் காலமும் ஒன்றில்லை.

அடுத்து இந்தி. இது மதுரைக்காரர்களுக்கு ஒரு வேடிக்கையான விஷயம். 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் நடந்த மோதலிலிருந்துதான் அந்த வருஷத்து இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலம் முழுக்கத் தீயாகப் பரவியது. சரியாக இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1987 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடங்கியது. அதே தேதி! இந்தித் தொடர். அதைப் பார்க்க அதே ஊரில் குளித்து முடித்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்!

இந்தியை ஏற்றுக்கொண்டார்களா என்றால் அதெல்லாம் இல்லை. வசனம் புரியாது. கதை ஏற்கெனவே தெரியும். கம்பராமாயணப் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊருக்கு ராமன் கதையை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ரவீந்திர ஜெயின் போட்ட மெட்டுகள் வார்த்தையைத் தாண்டிக்கொண்டு வந்துவிட்டன. அவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் இசையமைத்த தொடரைத்தான் நாடே கண் கொட்டாமல் பார்த்தது. 1988 அக்டோபர் 2 அன்று பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' ஆரம்பித்தது. ராஜ்கமல் இசை, மகேந்திர கபூர் குரல். ஆரம்பத்திலேயே உச்சத்தில் எடுத்து, நடுவில் கீதை சுலோகத்துக்குப் போய் நிற்கும். சங்கும் தாளமுமாக அது தொடங்கியதும் பையன்கள் விளக்குமாற்றுக் குச்சியை அம்பாக எடுத்துக்கொள்வார்கள். இந்தி எழுத்துகூடத் தெரியாத பிள்ளைகள் அந்தப் பாட்டை முழுசாகப் பாடினார்கள். என்ன பாடினார்கள் என்று வடக்கத்திக்காரர் யாராவது கேட்டிருந்தால் மயக்கம் போட்டிருப்பார் :-) காதில் விழுந்ததைத் தமிழ்ச் சத்தமாக மாற்றி, தங்களுக்குத் தோன்றிய வார்த்தையைப் போட்டுக்கொண்டார்கள். மொழி எதிர்ப்பு அரசியலும் மெட்டின் மீது ஆசையும் ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருந்தன.

அந்தக் காலத்து மெட்டுகளில் மொழிப் பிரச்சினையே இல்லாத ஒன்று உண்டு. 'மால்குடி டேஸ்'. ஆர்.கே. நாராயண் கதை, ஆர்.கே. லக்ஷ்மண் படம், ஷங்கர் நாக் இயக்கம். படப்பிடிப்பு நடந்தது கர்நாடகத்தின் ஆகும்பேயில். டைட்டில் இசை நம்மூர் எல். வைத்தியநாதன், வயலின் எல். சுப்ரமணியம், எல். சங்கர் இருவரின் அண்ணன். வார்த்தையே கிடையாது. வெறும் வாய்ச் சத்தத்தில் ஒரு மெட்டு, மதிய வெயிலில் ஒரு சின்னப் பையன் தனக்குத்தானே பாடிக்கொண்டு போவது மாதிரி. மொழி தெரியாதவர்களும் பாடட்டும் என்று யோசித்துச் செய்தாரோ என்னவோ, இந்தியா முழுக்க யாரும் தப்பாகப் பாட முடியாத ஒரே டைட்டில் சாங் அதுதான்!

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பற்றி எழுதாவிட்டால் அடிக்க வருவீர்கள். அதைப் பற்றி ஏற்கெனவே ஊரே எழுதித் தீர்த்துவிட்டதால் இங்கே ஒரே வரி: அது பாட்டு நிகழ்ச்சி என்பதால் அதற்கு முன்னால் வரும் அறிவிப்பே டைட்டில் சாங் மாதிரிதான்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. வந்தது. ஆண்டெனா இறங்கியது, கேபிள் ஒயர் மாடிக்கு மாடி தாவியது. தமிழ்த் தொடர்களுக்குத் தமிழ்ப் பாட்டு. அதில் மதுரைப் பக்கத்து மண்ணை அப்படியே கொண்டுவந்தது 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு'. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம். எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையிலேயே வாழ்ந்து, 2024 நவம்பரில் மதுரையிலேயே மறைந்தவர்.

குதிரை, அரிவாள், இருட்டு, அந்தக் குரல்கள்... சென்னைக்காரருக்கு அது ஒரு திகில் சீரியல். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பின் கதவு முன்னால் நின்று சந்தனம் பூசிய ஊர்க்காரருக்கு அப்படி இல்லை. கருப்பு இவர்களுக்குக் கற்பனைப் பாத்திரம் கிடையாது. கொடுக்கல் வாங்கலில் சந்தேகம் வந்தால் அந்தப் படியில் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய் சொன்னவன் தப்ப முடியாது என்பது நம்பிக்கை. அதனால் டைட்டில் இசை தொடங்கியதும் போர்வைக்குள் பதுங்கியது பிள்ளைகள் மட்டும் இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்ட பாட்டிகளும் உண்டு. ஒரே இசைக்கு ஒருத்தருக்குப் பயம், இன்னொருத்தருக்குப் பக்தி. எத்தனை டைட்டில் சாங்குக்கு இது வாய்க்கும்?

1999 டிசம்பரில் 'சித்தி' தொடங்கியது. இசை தினா, பாட்டு வைரமுத்து, பாடியவர் நித்யஸ்ரீ மகாதேவன். டி.கே. பட்டம்மாளின் பேத்தி சீரியலுக்குப் பாடுகிறார்! வைரமுத்து வடுகபட்டிக்காரர், தேனி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன் அது மதுரை மாவட்டம்தான். 2002இல் திருமுருகனின் 'மெட்டி ஒலி' வந்தது. அதற்கும் தினாவும் நித்யஸ்ரீயும்தான். 2003இல் 'திருடா திருடி' வந்து தினாவைச் சினிமா கொண்டாடுவதற்கு முன்பே அவருடைய மெட்டு ஒவ்வொரு ராத்திரியும் வீடு வீடாகப் போய் வந்துகொண்டிருந்தது. பெயர்தான் யாருக்கும் தெரியாது. அதே மாதிரி டி. இமானும் முதலில் சீரியல்களுக்குத்தான் போட்டார். பாட்டு மனப்பாடம், போட்டவர் பெயர் தெரியாது என்பதுதான் டைட்டில் சாங்கின் தலையெழுத்து.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். அப்போது சன் டி.வி.யில் தயாரிப்பாளர் அரை மணி நேரத்துக்குச் சேனலுக்குக் கட்டணம் கட்டுவார். பதிலுக்கு அந்த அரை மணிக்குள் சில நிமிஷ விளம்பர நேரம் அவருக்குக் கிடைக்கும். அதை விற்றுத்தான் லாபம். அதாவது ஒவ்வொரு நிமிஷமும் காசு. அப்படி இருந்தும் ஒன்றரை, ரெண்டு நிமிஷத்தைத் தினமும் ஒரே பாட்டுக்குக் கொடுத்தார்கள். 'கோலங்கள்' 1,533 எபிசோடு ஓடியது. டைட்டில் ஒன்றரை நிமிஷம் என்று வைத்துக்கொண்டால்கூட சுமார் 38 மணி நேரம் வெறும் டைட்டில் சாங்! எந்த வியாபாரி இப்படி நேரத்தை வீணாக்குவான்?

அது வீண் இல்லை. இரவு அந்த நேரத்தில் வீட்டில் யார் டி.வி. முன்னால் இருப்பார்? சாப்பிட உட்கார்ந்த ஆண்கள் இருப்பார்கள். யாருக்காகச் சீரியல் எடுத்தார்களோ அந்தப் பெண் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருப்பார். விளம்பரத்தில் வரும் சோப்பையும் மசாலாவையும் வாங்கப் போகிறவரும் அவர்தான். முதல் காட்சியை உடனே போட்டால் அவருக்குப் போய்விடும். எனவே மணி அடிக்க வேண்டும். அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்து, "மதினி, பாட்டு போட்டுட்டான், வாங்க" என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்து வந்து உட்கார எத்தனை நிமிஷம் ஆகும்? பாட்டின் நீளம் அதுதான். அடுப்படிக்கும் கூடத்துக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து எழுதிய பாட்டு என்றுகூடச் சொல்லலாம். அக்கவுண்டன்சியில் இதை 'குட்வில்' என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சொத்து. கடையின் மதிப்பே அதில்தான் இருக்கும்.

சீரியலைக் கிண்டல் செய்யாத ஆண் கிடையாது. ஒரே அழுகை, ஒரே சதி. கிண்டலில் நியாயமும் இருக்கிறது. ஆனால் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்தவர், "இப்ப கூப்பிடாதீங்க, பாட்டு போட்டுட்டான்" என்று உரிமையோடு சொல்லி உட்கார்ந்தது அந்த அரை மணி நேரம்தான். டி.வி. இல்லாவிட்டால் அந்த அரை மணியும் வேறு எதற்காவது போயிருக்கும். பெண்களுக்கு வீட்டில் கிடைத்த இடைவேளைக்கு அந்தப் பாட்டு ஒரு சாட்சி. நித்யஸ்ரீ குரல் கேட்டால் பல அம்மாக்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ராதிகாவின் முகம் இல்லையாம். ஆற அமரக் கால் நீட்டிய அந்தத் தரையின் குளுமையாம்.

2006 செப்டம்பரில் அரசின் இலவச கலர் டி.வி. திட்டம் தொடங்கியது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்துவிட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கும் காலம் முடிந்தது. நல்லது நடந்தது, சந்தேகமே இல்லை. பஞ்சாயத்து டி.வி. ரூம்களின் பூட்டு துருப்பிடித்தது; அந்தச் சாவிக்கு இனி அதிகாரம் இல்லை. அதோடு "பாட்டு போட்டுட்டான்" என்ற குரலும் குறைய ஆரம்பித்தது. எல்லோர் வீட்டிலும் ஒரே நேரத்தில் பாட்டு கேட்கும்போது யார் யாரைக் கூப்பிடுவது? ராத்திரி தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் விட்ட வரியை அடுத்த வீட்டில் பிடிக்கலாம்.

நடுவில் மின்வெட்டு வந்து பழைய காலத்தைக் கொஞ்ச நாள் திருப்பிக் கொண்டுவந்தது. 2012இல் மதுரையில் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. ஒரு தெருவில் போனால் அடுத்த பேஸில் இருக்கும். சீரியல் நேரத்துக்குக் கரண்ட் போனால் இலவச டி.வி.யை அப்படியே விட்டுவிட்டு எதிர்த் தெருவுக்குப் படை கிளம்பும். எந்த வீட்டில் பாட்டு கேட்கிறதோ அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டியதுதான்.

இப்போது பாட்டையே கேட்க வேண்டியதில்லை. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் டைட்டிலைத் தாண்டிப் போக ஒரு பட்டன் வைத்தது. உலகம் முழுக்க ஒரு நாளைக்கு 13.6 கோடி தடவை அதை அமுக்குகிறார்கள் என்று 2022இல் அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. தமிழ்ச் சீரியல்களிலும் முதல் சில வாரம் முழுப் பாட்டு. அப்புறம் சில நொடிதான். அவர்களையும் குறை சொல்ல முடியாது. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே பார்க்கிறவரை எங்கிருந்து எங்கே கூப்பிடுவது?

2020 ஊரடங்கில் புதிய எபிசோடு எடுக்க முடியாமல் சன் டி.வி. 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டது. அந்த வருஷம் ஜனவரியில்தான் 'சித்தி 2' பழைய மெட்டோடு வந்திருந்தது. பதினைந்து, இருபது வருஷம் கழித்து அதே குரல். பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது என்று தடை இருந்த மாதங்கள் அவை. மதுரைச் சந்துகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருப்பதால் பாட்டுக்கு மட்டும் தடை இல்லை. பழைய பழக்கத்தில் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஒருவர் "மதினி, பாட்டு!" என்று குரல் கொடுக்க, அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது: "இங்கயும் ஓடுது மதினி, நீங்க பாருங்க."